நான் நீக்கிய நடுக்கங்கள்

ஆராய்ச்சி உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு தீவின் வடகிழக்கே செங்காங்கில், ஆய்வகம் மேற்குக் கோடியில். என் மேசைக்கு எதிரே இருந்தவர் என்னைவிட ஆறு வயது மூத்த ஆய்வாளர். அவர் குடும்பத்துக்குச் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் துணிக்கடை இருந்தது. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

எங்கள் வேலை, நடுக்கடலுக்கு அடியில் இருக்கும் ஒரு பிளவைப் பற்றியது. அங்கே பூமியின் இரண்டு தட்டுகள் பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரே அளவில், பெரிய நடுக்கம் வரும். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் வரை ஓடி நின்றுவிடும். அதற்கு அப்பால் ஏன் போவதில்லை என்பதுதான் கேள்வி. அப்படியொரு பெரிய நடுக்கம் வந்த ஆண்டு முழுக்கக் கடலடியில் கிடந்த கருவிகளின் பதிவுகள் எங்களிடம் இருந்தன. அதில் எது நடுக்கம், எது கப்பல், எது திமிங்கிலம் என்று பிரிப்பது என் பங்கு.

"ஆளே இல்லாத இடத்துல நடுங்கினா யாருக்கு என்னம்மா?" என்று அப்பா கேட்பார். சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை பார்த்தவர். "நடுக்கம் எப்படி நிக்குதுன்னு அங்கதான்பா தெளிவா தெரியும்" என்பேன். அவருக்கு அது போதவில்லை.

நான்காம் மாதம் ஒரு தப்பு செய்தேன். பெரிய நடுக்கத்துக்கு முந்தைய வாரப் பதிவில் குட்டிக் குட்டி அலைகள் மொய்த்துக் கிடந்தன. கப்பல் இரைச்சல் என்று நினைத்து எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

அக்காதான் கவனித்தார். "அந்த வாரம் மட்டும் ஏன் காலியா இருக்கு?"

"நாய்ஸ்க்கா. எடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

மூலப் பதிவைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "நடுக்கத்தோட ரெண்டு அலையும், வேகமானதும் மெதுவானதும், தனித்தனியா வந்திருக்கு பாரு. கப்பல் இப்படி வராது லா."

ஆய்வை நடத்திய பேராசிரியர் நினைவுக்கு வந்தார். "புரொஃபசர்கிட்ட என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு. அப்புறம் ரெண்டு பேரும் முதல்லேருந்து பாக்கலாம்."

சொன்னேன். பேராசிரியர் திட்டவில்லை, எத்தனை வாரம் ஆகும் என்று மட்டும் கேட்டார். மூன்று வாரம் ஆனது. சனிக்கிழமைகளில் அக்கா கடையில் உதவ வேண்டியிருந்ததால், நானும் அங்கேயே போய்விடுவேன். பின்னறையில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஒவ்வோர் அலையாகக் குறித்தோம். அவருடைய உம்மா, அதாவது அம்மா, கறி பப்பும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மடிக்கணினித் திரையை எட்டிப் பார்ப்பார். "இதுக்கா இவ்வளவு படிச்சீங்க?" என்று சிரிப்பார்.

கடைசிச் சனிக்கிழமை எல்லாப் புள்ளிகளையும் வரைபடத்தில் போட்டோம். அத்தனையும் பெரிய நடுக்கம் வந்து நிற்கும் அந்தப் பகுதிக்குள்ளேயே விழுந்தன. உடையாமல் சும்மா கிடப்பதாக நாங்கள் நினைத்த இடம், ஒரு வாரம் முழுக்கச் சின்னச் சின்னதாக உடைந்துகொண்டே இருந்திருக்கிறது. பெரிய நடுக்கத்துக்குப் பிறகு அங்கே அமைதி; அது ஏன் அங்கேயே நிற்கிறது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு அது. அக்கா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது அக்கா தன் பெயருக்கு அடுத்து என் பெயரைப் போடச் சொல்லியிருந்தார். இரண்டு வருடம் கழித்து வேலை கிடைத்து வெளிநாடு போனார். கடையை இப்போது அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார். கடை இருக்கும் லிட்டில் இந்தியாவுக்குப் போனால் உள்ளே போய் உம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். பின்னறையில் இன்னும் துணிக்கட்டுகள்தான். உட்காரச் சொல்வார், நானும் தரையிலேயே உட்கார்ந்துகொள்வேன்.