குணா அண்ணா திறந்துவிடாத பக்கம்

குணசேகர் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் தொம்மலூர் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதன் கீழேயே மேனேஜர் கேட்டிருந்தார்: “ஃபயர்வால் பாஸ்வேர்டு வேற யார்கிட்ட இருக்கு?” இரங்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிளவுடில் வாடகைக்கு ஓடும் எங்கள் வாடிக்கையாளரின் சர்வர்களுக்கு அந்த ஃபயர்வால்தான் காவல். அதை இயக்க ஒரு இணையப் பக்கம் உண்டு. அதற்குள் நுழைந்தவன் காவலையே கலைத்துவிடலாம். குணா அண்ணா முதலில் அதை மர்பி டவுனில் இருக்கும் தன் வீட்டு இணைய முகவரிக்கு மட்டும் திறந்து வைத்தார். ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் வீட்டு இணைய முகவரி மாறி, அவரே வெளியே நின்றார். நாமெல்லாம் ஓட்டித் தீர்த்தோம். அவரும் சிரித்தார்.

அதன் பிறகு கிளவுடுக்கு உள்ளேயே, சர்வர்களோடு ஒரு கணினியை வைத்தார். அதற்குள் போய்த்தான் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியும். சுற்றுவழி என்று நாம் முனகினால், “பாத்ரூம் கதவ ரோட்டு பக்கம் வெப்பியா?” என்பார்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. வாடிக்கையாளரிடம் காட்ட ஓட்டலில் இருந்து அந்தப் பக்கம் வேண்டுமாம். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க குணா” என்றார். “உங்க நெட் அட்ரஸ குடுங்க சார், உங்களுக்கு மட்டும் தொறக்கறேன்” என்றார் அண்ணா. அதற்குக்கூட அந்த மனிதருக்குப் பொறுமை இல்லை. கிளவுட் கணக்கு அவர் பெயரில் இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் பொது இணைய முகவரி ஒன்றை மாட்டி, உலகத்துக்கே திறந்துவிட்டார். அதை நம் காதுபடவே பெருமையாகவும் சொன்னார்.

எவனோ புகுந்தான். வாடிக்கையாளரின் இணையக் கடை படுத்துவிட்டது. அண்ணாதான் ஓடி வந்து மூடினார். அடுத்த நாள் வாடிக்கையாளரோடு ஆன்லைன் கூட்டம். “எங்க குணசேகர் கவனக்குறைவா விட்டுட்டார்” என்றார் மேனேஜர். பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன், அண்ணா பேசிக்கொண்டே இருந்தார். அவர் மைக்கை மேனேஜர் அணைத்து வைத்திருந்தார். இதைவிடக் கேவலத்தை நான் பார்த்ததில்லை.

இரங்கல் கூட்டத்தில் அதே வாய் “நம்ம குடும்பத்துல ஒருத்தர்” என்றது. கை தட்டக்கூட உங்களில் சிலர் தயாராக இருந்தீர்கள்.

மர்பி டவுன் வீட்டில் அண்ணி என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டார்.

“அன்னைக்கு தொறந்து வுட்டது இவராம்மா? அதையே நெனச்சிக்கினு இருந்தாரு.”

“இல்ல அண்ணி. மேனேஜர்தான்.”

“அப்போ அத ஏன் யாருமே சொல்லல?”

சொல்கிறேன். திறந்தவர் மேனேஜர். மூடியவர் குணசேகர். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள நல்ல நினைவுகள் நிறைய உண்டு. ஆனால் நான் பத்திரமாக வைத்திருப்பது, அணைத்த மைக்கின் முன்னால் அவர் பேசி முடிக்காத அந்த வாக்கியத்தை. இன்று அதை நான் முடித்துவிட்டேன். இனி உங்கள் மேனேஜர் மறுக்கட்டும்.