சிரிக்காதீர்கள், இமையைப் படமெடுக்கிறேன்

ஆட்களை அழகில்லாமல் படமெடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். வெள்ளவத்தையில் ஒரு கண் கிளினிக்கில், இமை ஒப்பரேஷனுக்கு வருகிறவர்களை அதற்கு முன்னும் பின்னும் படமெடுத்து டொக்டரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முதல் கலியாண வீடுகளில் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே எல்லோரும் அழகாகத் தெரிய வேண்டும். இங்கே தொங்குகிற இமை தொங்கியபடியே தெரிய வேண்டும். நாள் முழுக்க ஆட்களோடு மல்லுக்கட்டிச் சீவிக்கிற சகோதரங்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

கோட் போட்டு வந்தவர்

கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார், படமெடுக்க வேண்டும் என்றதும் மறுநாள் கோட்டும் டையுமாக வந்துவிட்டார். மேலிமைத் தோல் மடிந்து இமைமயிர் வரை விழுந்திருந்தது. பஸ்ஸின் நம்பரை வாசிக்கவே புருவத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றார். கமராவைக் கண்டதும் அந்தப் புருவத்தை இன்னும் உயர்த்தி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

அப்படி எடுத்தால் டொக்டர் என்னைத்தான் ஏசுவார். கண்ணை மூடச் சொல்லி, நெற்றியை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, இப்போது திறவுங்கள் என்றேன். பாதிக் கண்தான் திறந்தது. எடுத்ததைத் திரையில் காட்டினேன். சிரிப்பு போய்விட்டது, கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார்.

"இது நானில்ல தம்பி, எங்கட வாப்பா. அவர் மவுத்தாகிக் கனகாலம்."

போனில் இருந்த முகம்

ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். போனில் ஏதோ ஒரு செயலி அவருடைய கண்களை மான்கண்ணாக்கிக் காட்டியிருக்கிறது. அதைப் போலவே இமையைத் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டார். இமையில் ஒரு குறையும் இல்லை, கத்தி வைக்க மாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் ஒரு படமெடுத்து, எவ்வளவு வடிவான கண் பாருங்கள் என்று பெரிய திரையில் போட்டேன்.

"அண்ணா, உங்கட கமராவில ஏதோ பிழை இருக்கு."

மணப்பெண்ணின் இடக்கண்

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு இடது இமையில் கண்கட்டி. அன்றைக்கே வெட்டி எடுக்கச் சொல்லித் தாய் ஒற்றைக் காலில் நின்றார். இப்போது வெட்டினால் கன்றிய கண்ணோடு மணவறையில் இருக்க வேண்டி வரும், நசுக்காமல் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுங்கள், அந்தக் கண்ணுக்கு மை வேண்டாம் என்றார் டொக்டர். வெளியே வந்து பிள்ளை அழத் தொடங்கிவிட்டது.

என் பழைய தொழில் கைகொடுத்தது. படம் எடுக்கும்போதெல்லாம் மாப்பிள்ளையை இடப்பக்கம் வைத்து, முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொள், கமராவுக்கு இடக்கண் அகப்படாது என்று சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் தாய் வந்தார். சம்பந்தியம்மா கலியாண அல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பெருமையடிக்கிறாராம். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"'கடைசி வரைக்கும் என்ர மகனை விட்டுக் கண்ணெடுக்கேல்லை, அவ்வளவு பாசமான பிள்ளை' எண்டு சொல்லுறா."

நித்திரை ரீச்சர்

கணக்கு ரியூஷன் கொடுக்கும் ஒரு ரீச்சர் வந்தார். வகுப்பில் தூங்குகிறார் என்று பெற்றோர் பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளை நிற்பாட்டியும் விட்டார்கள். அந்த வருமானத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. இமையைத் தூக்கித் தைத்துவிடுங்கள் என்று கேட்டார். ஆனால் காலையில் நான் பார்த்தபோது இரண்டு கண்ணும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

வகுப்பு முடிந்து பின்னேரம் வரச் சொன்னார் டொக்டர். வந்தார், வலது இமை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. படமெடுத்தேன். துணியில் ஐஸ் சுற்றி இமையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, திரும்ப எடுக்கச் சொன்னார் டொக்டர். எடுத்தேன். இமை மேலே போயிருந்தது. இது தோலின் தொங்கல் இல்லை, தசை களைத்துப் போகிற நோயாக இருக்கலாம், வெட்டக் கூடாது என்று சொல்லி, நரம்பு டொக்டரிடம் அனுப்பினார். கத்தி இல்லை என்றதும் ரீச்சருக்குச் சந்தோசமா பயமா என்று முகத்தில் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனை, பிறகு விழுங்கக் குளிசை. சில மாதம் கழித்துப் பின்னேரப் படத்துக்கு வந்தபோது இரண்டு கண்ணும் விழித்திருந்தன. வகுப்பு எப்படி என்று விசாரித்தேன்.

"பிள்ளைகளுக்குத்தான் நட்டம், தம்பி. ரீச்சர் நித்திரை எண்டு நினைச்சு இவ்வளவு நாளும் கடைசி வாங்கில இருந்து பார்த்தெழுதினவை."

கறுப்புக் கண்ணாடி

பாங்கில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, மச்சாள்மாருக்குத் தெரியாமல் மேலிமைத் தோலை எடுத்துக்கொண்டார். இந்த வயதில் அழகு கேட்குதோ என்று கதைப்பார்களாம். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமலும் இருக்க முடியாது. தையலோடு, கன்றிப்போன இமையோடு, கொட்டுகிற மழையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தொத்துகிற கண்நோய் என்று நினைத்து, மச்சாள்மார் உட்பட எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள். தையல் வெட்ட வந்த அன்று கிசுகிசுப்பாகச் சொன்னார்.

"இத்தனை வருசத்தில அண்டைக்குத்தான் நான் முன்னுக்கு நிண்டு தீபம் பார்த்தனான்."

தீபாவளிக்கும் பெருநாளுக்கும் பலகாரப் பெட்டி எல்லாம் டொக்டரின் அறைக்குப் போகிறது. எனக்கு வருவதோ, "அந்த முதல் படத்தை அழிச்சுப் போடுங்கோ" என்ற ஒரே வேண்டுகோள்தான்.