நைனாவின் தலையில் வைத்த சத்தியம்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். இதையெல்லாம் எழுத உனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பா, நைனாவைப் பற்றி ஊரில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

எங்கள் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே ஏறுகிறவர்கள் போனில் படம் எடுப்பார்கள். நைனாவுக்கு எழுபது தாண்டிய பிறகு, அவர்கள் நம் கொல்லையைத்தான் படம் பிடிக்கிறார்கள், அதை வைத்து நிலத்தை எழுதி வாங்கிவிடுவார்கள் என்ற பயம் வந்தது. மலையைப் பார்த்த ஜன்னலைச் சாணி பூசி அடைத்தார். என் போனைக் கிணற்றில் போட்டார்.

"நீ ஒருத்திதான் நம்ம ஆளு. வெளிய மூச்சு வுடாத" என்று, என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை மீறினால் அவர் உயிருக்கு ஆகாது என்று நான் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள், கொல்லை ஓரம் நின்று படம் எடுத்த கல்லூரிப் பையன் மேல் கல்லை விட்டெறிந்தார். பையனுக்கு நெற்றி பிளந்துவிட்டது. நான் முன்பே ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தால் அவனுக்கு அந்தத் தழும்பு இருக்காது. நைனாவைச் சிறையில் வைத்தார்கள்.

மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லி கோர்ட்டில் உத்தரவானது. நோய் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து வைத்தியம் பார்ப்பார்கள் என்றார் வக்கீல். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "பைத்தியம்னு எழுதிட்டா என் பொண்ண எவன் கட்டுவான்? ஒழுங்கா பதில் சொன்னா வுட்டுருவாங்க. நீ சொல்லிக்குடு" என்றான். நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நைனா உட்கார்ந்திருந்தார். அவர்களிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, முகம் துடைத்து, தலை சீவி, புது வேட்டி கட்டவைத்தேன். கிழமை, மாதம், கல்லைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

"இன்னா பெரியவரே, பொண்ணு பாக்கவா போற?" என்றார் ஒரு போலீஸ்காரர்.

"உனக்குத்தான் பாக்கப் போறேன். எனக்கு இன்னாத்துக்கு?" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தோம்.

உள்ளே இருந்தவர் ஒரு இளம் டாக்டரம்மா. கேட்டதற்கெல்லாம் நைனா சரியாகப் பதில் சொன்னார். கல்லா? காக்கா விரட்ட எறிந்தது, கை தவறிவிட்டது.

"வீட்டுல எப்படிம்மா இருப்பாரு?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"நல்லாத்தான் இருப்பாரு."

"எனக்கும் தெளிவாத்தான் தெரியறாரு. கூட்டிட்டுப் போகலாம்" என்று கூட வந்த போலீஸ்காரர்களிடம் சொன்னார்.

எழுந்த நைனா என் காதருகே குனிந்தார். "ஜெயில்லயும் கூரை மேலேர்ந்து படம் புடிக்கிறானுங்க. கண்ணே மூடறதில்ல நானு. சொல்லிடாத."

அவர் கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்திருந்தது. தலை சீவும்போது என் கண்ணில் அது படவே இல்லை.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். திரும்பவும் சொன்னேன். ஜன்னல், கிணறு, ஜெயில் கூரை, நான் சொல்லிக்கொடுத்த பதில்கள், எல்லாவற்றையும் நைனா முன்னாலேயே, போலீஸ்காரர்கள் கேட்கச் சொன்னேன். நான் முடித்ததும் நைனா தன் தலையை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நீயும் அவனுங்க ஆளுதான்."

"இது நோய்தாம்மா. மருந்துல குறையும். முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லி, வார்டில் சேர்க்க எழுதினார் டாக்டர். கூட்டிப்போகும்போது நைனா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை இட்லி எடுத்துக்கொண்டு போனேன். ஊசி போட்டதில் நைனா நன்றாகத் தூங்கினார் என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சொன்னார். இட்லியை உள்ளே கொண்டுபோனார். நான் கொடுத்தது என்று தெரிந்ததும் நைனா வேண்டாம் என்றாராம். டப்பாவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.