முதலில் மூன்று வோல்ட்

உக்குவளையில் ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. போரின் கடைசி வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் வேன்களின் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்துப் பழுது பார்ப்பார். நான் கூட நின்று வயர் பிடிப்பேன்.

அந்தப் பெட்டிக்குள் கேன் கன்ட்ரோலர் என்று ஒரு சிப் இருக்கும். எஞ்சினும் பிரேக்கும் மீட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். அதற்கு மின்சாரம் கொடுக்க இரண்டு கால்கள். ஒன்றுக்கு மூன்று வோல்ட் சொச்சம், மற்றதற்கு ஐந்து. மூன்றைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அது நிலைக்கும்வரை பொறுத்துப் பிறகு ஐந்து. மாற்றிக் கொடுத்தால் சிப் சூடேறிச் செத்துப்போகும்.

ஒரு மத்தியானம் சீருடை போட்ட நாலு சிங்களச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு கடைக்குள் புகுந்தார்கள். மேசையில் பேட்டரி, வயர், திறந்த போர்டு. பக்கத்தில் ஒரு தமிழன். குண்டு செய்கிறான் என்று நினைக்க அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? முதல் அடி அவர் காதோடு விழுந்தது.

"வேன் சாமான் மாத்தயா," என்று ஐயா போட்டுச் சிங்களத்தில் சொன்னார் என் வீட்டுக்காரர்.

"அப்படின்னா வேலை செய்ய வை," என்றான் அவர்களில் பெரியவன்.

அவர் மூன்றைக் கொடுத்துவிட்டு வழக்கம்போலப் பொறுத்தார். அந்தப் பொறுமைதான் வினையாகிவிட்டது.

"ஏன் நிறுத்தினே? டைமரா?"

துப்பாக்கிக் கட்டை அவர் கைமேல் இறங்கியது. விரல் நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. பெரியவன் வயர்களைப் பிடுங்கி, ஐந்தை முதலில் கொடுத்து, பிறகு மூன்றை வைத்து அழுத்தினான். சிப் படக்கென்று வெடித்துப் புகைந்தது. நாலு பேரும் தரையில் விழுந்து படுத்தார்கள். எழுந்ததும் அவரைப் போட்டு மிதித்தார்கள். பாவிகள்! செய்தது அவன், உதை வாங்கியது என் மனுஷன்.

"நான் காட்டுறேங்க! வேன் சாமான்தான்னு நான் காட்டுறேன்!" என்று அலறிக்கொண்டு இன்னொரு போர்டை எடுத்தேன். மூன்றைக் கொடுத்தேன். அவர் தலையில் துப்பாக்கி முனை. பொறுத்தேன். ஐந்தைக் கொடுத்தேன். மேசையில் மாட்டியிருந்த வேன் மீட்டரில் விளக்குகள் எரிந்தன. பார்த்தாயாடா நாயே, என்று மனசுக்குள் கத்தினேன். அவரை விட்டுவிடுவார்கள் என்றே நம்பினேன்.

பெரியவன் மீட்டரைப் பார்க்கவேயில்லை, என்னைப் பார்த்தான். "ஓ, உனக்கும் இந்த வேலை தெரியுமா? இவளையும் ஜீப்பில ஏத்துங்க."

தரையில் கிடந்தவர் தலையைத் தூக்கினார். வாயெல்லாம் ரத்தம். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாத்தயா. வயர் பிடிக்கத்தான் தெரியும். நீங்க நினைக்கிறது சரிதான். குண்டு செய்றது நான்."

பொய்! பச்சைப் பொய்! அந்த மனுஷன் ஜென்மத்தில் ஒரு பட்டாசுகூடக் கொளுத்தியதில்லை.

என்னை உதறிவிட்டு அவரை மட்டும் ஜீப்பில் எறிந்தார்கள். "பொய் சொல்றாருங்க, நம்பாதீங்க!" என்று கத்தியபடி பின்கதவைப் பிடித்துத் தொங்கினேன். என் விரல்கள்மேல் பூட்ஸ் மிதித்தது.

"கைய விடு புள்ள," என்றார் அவர். "கடையப் பூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிரு."

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.