யூகலிப்டஸ் இனிப்பு மணக்கும் மண்டபம்

யோகம் அக்கா தங்கமான மனுஷி. ஆனால் ஒரு விஷயத்தில் மகா கள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் எங்கள் பகுதியில் ஒரு பாட்டு மண்டபம் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடிப் பாடுவார்கள். இருபத்தாறு வருடம் அதைக் கூட்டித் துடைத்தவர் அக்கா. சுரங்கம் மூடியது, பாடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள், போன வருடம் மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள். அதன்பிறகுதான் எல்லோருக்கும் அதன்மேல் பாசம் பொங்கியது. தெருமுனையில் செண்ட் தயாரிக்கும் சபீனா, இந்தப் பகுதியின் பாட்டு நினைவாக ஒரு செண்ட் செய்யப்போவதாக அறிவித்தாள்.

பழைய படங்களையும் பத்திரிகைகளையும் பார்த்து அவள் செய்த முதல் போத்தலில் தேவாலய மணம்தான் வருகிறது என்று பாடகர்கள் சொல்லிவிட்டார்கள். துடைத்தவளைக் கேட்டால் என்ன என்ற புத்தி அப்போதுதான் அவளுக்கு வந்தது.

அக்கா மளமளவென்று சொன்னார். தரைக்குப் பூசும் மெழுகு. மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு. பிறகு, யூகலிப்டஸ் இனிப்பு. கரித்தூசி படிந்த நெஞ்சை வைத்துக்கொண்டு பாடுவது லேசா? ஆளாளுக்கு ஒரு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டுதான் தொடங்குவார்கள். மறுநாள் நாற்காலிகளுக்குக் கீழே இனிப்பு சுற்றிய தாள்களை அள்ளியது அக்காதானே. சபீனா அசந்துபோனாள். இனி அக்கா சரியென்றால்தான் சரி என்றாள்.

அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததுமே கருகல் நாற்றம். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா ஆற அமர வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

“அக்கா, பால் எரியுது! உங்களுக்கு மணக்கேல்லையே?”

அடுப்பை நிறுத்திவிட்டுக் நாற்காலியில் உட்கார்ந்தார். “கொரோனா வந்த நாளிலயிருந்து எனக்கு ஒண்டும் மணக்காது, பிரபாலினி. ஆருக்கும் சொல்லிப்போடாதை.”

“அப்ப ஏன் சபீனாவுக்கு ஓம் எண்டனீங்கள்?”

“நான் சொன்னதெல்லாம் உண்மை. அவள் செய்யிறது சரியோ பிழையோ எண்டுதான் எனக்குச் சொல்ல ஏலாது. பிழையாப் போனால் அந்த மனுசருக்கு மண்டபம் இரண்டாந்தரமும் போயிடும்.”

“அவளிட்டை உண்மையைச் சொல்லுங்கோ.”

“சொன்னால் திரும்பவும் படத்தைப் பாத்துத்தான் செய்வாள்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அக்காவோ பெரிய நீதிபதிபோல ஒவ்வொரு போத்தலையும் மோந்தார். இரண்டு தடவை வெறும் ஊகத்தில் “இனிப்புக் காணாது” என்று தள்ளினார். மூன்றாவதற்குத் தலையாட்டினார். அன்றிலிருந்து அவருக்கு நித்திரையே இல்லை.

வெளியீட்டு நாளில் எல்லோரும் அருமை, அற்புதம் என்றார்கள். அக்கா ஒன்றையும் நம்பவில்லை. மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று முணுமுணுத்தார். செண்ட் தெளித்த காகிதத்துண்டை எடுத்துக்கொண்டு நேரே ஹெல்முட்டிடம் போனார். எண்பத்திரண்டு வயது, பாட்டுக்குழுவில் கடைசிவரை இருந்தவர்.

அவர் மோந்தார். முதுகை நிமிர்த்தினார், தொண்டையைச் செருமினார். கை தானாகவே கோட்டுப் பைக்குள் போய் ஒரு இனிப்பை எடுத்தது. அதை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த தாளைக் கீழே நழுவவிட்டார்.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எனக்கும் தாங்கவில்லை. பிறகு அக்கா குனிந்து அந்தத் தாளைப் பொறுக்கினார்.