வெள்ளைக் கப்பலை இழுத்து வந்தவர்

துறைமுகத்தில் அவரை ‘மெதுவா’ என்றால்தான் தெரியும். இழுவைப்படகின் கேப்டன். பெரிய கப்பல் கரையணையும்போது வயர்லெஸ்ஸில் “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

துறைமுகம் வெளிநாட்டுக் கடனில் கட்டியது. தவணை கட்ட வழியில்லாமல், கடன் கொடுத்த நாட்டின் கம்பெனிக்கே அரசாங்கம் அதை நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. சீருடைச் சட்டையின் நிறம் மாறியது, சம்பளம் கொஞ்சம் ஏறியது. “முதலாளி யாரா இருந்தா என்ன, இழுக்கிற கயிறு ஒண்ணுதானே” என்று அவர் சிரித்துக்கொண்டு திரிந்த காலம் அது.

ஒரு காலையில் கடன் கொடுத்த நாட்டின் வெள்ளைக் கப்பல் ஒன்று வந்தது. ஆராய்ச்சிக் கப்பல் என்றார்கள். மேல்தளம் முழுக்க உருண்டை உருண்டையாக ஆன்டெனாக் கூடுகள். தொலைவில் அண்டை நாட்டுப் போர்க்கப்பல்கள் பார்த்துக்கொண்டு நின்றன.

“அண்ணே, இது மீனையா ஆராய்ச்சி பண்ணப் போகுது?” என்றான் படகின் மெக்கானிக்.

“வாயை மூடிட்டு வேலையைப் பாருடா.”

சொல்லிவிட்டு அவரே அந்தக் கூடுகளை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

ஒரே மகளை அவர் கட்டிக்கொடுத்திருந்தது அந்த அண்டை நாட்டில்தான். அவளுக்கு நிறைமாதம். மனைவியோடு அந்த நாட்டுத் தூதரகத்துக்கு விசா கேட்டுப் போனார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மாவுக்குத் தரலாம். அந்தத் துறைமுகத்துல வேலை பார்க்கிறவங்களுக்கு இப்போ இல்லைங்க.”

“நான் கப்பல் இழுக்கிறவன் சார். உள்ளே என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது.”

“எங்களுக்கும் தெரியலை. அதான் பிரச்சினை.”

மறுநாளே வேலையை விடுகிறேன் என்று மேலாளர் முன்னால் போய் நின்றார். மேலாளர் உள்ளூர்க்காரர்தான். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“துறைமுகத்தைப் பாதுகாப்பு வலயமா அறிவிச்சுட்டாங்க. இப்போ யாரும் விலக முடியாது. அதுவும் உங்க பொண்ணு அங்கே இருக்கா. போய் ஏதாவது சொல்லிடுவீங்களோன்னு மேலே பயப்படறாங்க.”

“அவங்க என்னை உங்க ஆளுன்றாங்க, நீங்க அவங்க ஆளுன்றீங்க. நான் யார் சார்?”

மேலாளர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

மனைவி தனியாகக் கிளம்பிப் போனாள். குழந்தை பிறந்தபோது அவர் படகில் இருந்தார். புதிய விதிப்படி கைப்பேசி வாசல் காவலரிடம். வேலை முடிந்து வெளியே வந்து மனைவியைக் கூப்பிட்டார்.

“பேத்திங்க. உங்க மூக்கு, பாவம்!”

சாலையோரம் நின்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மகள் பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

“அப்பா, தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்கு ரெண்டு பேர் வந்து உங்களைப் பத்தி விசாரிச்சுட்டுப் போனாங்க. இவர் ரொம்பப் பயப்படறார். கொஞ்ச நாள் போன் வேண்டாம்பா.”

“சரிம்மா. உடம்பைப் பார்த்துக்கோ” என்றார்.

இப்போதும் அவருக்கு அங்கேதான் வேலை. வெள்ளைக் கப்பல்கள் வருகின்றன, இழுத்து வருகிறார். பேத்திக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை மனைவி திரும்பி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.