பஸ் வரும்வரை இங்கிலீஷ்

எக்ஸ்ரே எடுப்பவருக்கு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடலாம்." ஒரு நாளில் அவர் பேசும் பேச்சில் முக்கால்வாசி இதுதான். வயது நாற்பதை நெருங்கியும் கல்யாணம் கூடி வரவில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகு மாடியில் ஓர் ஒற்றை அறையில் இருந்தார். கீழ்வீட்டுக்காரர்கள் படியில் பார்த்தால் தலையை ஆட்டுவார்கள், அதோடு சரி.

ஆஸ்பத்திரிக்குப் புது ஸ்கேன் மெஷின் வந்தபோது, மேல்படிப்பு படித்தவர்தான் அதைத் தொடலாம் என்றார்கள். அந்த வார்த்தை முள்ளாய்த் தைத்தது. வெளிநாட்டில் போய்ப் படித்துவிடுவது என்று முடிவுகட்டினார். அதற்கு ஓர் இங்கிலீஷ் பரீட்சை எழுதவேண்டும். எந்த ஊரிலும் யாரும் வாய்திறந்து சொல்லாத வார்த்தைகளாகப் பார்த்துப் பொறுக்கிக் கேட்கிற பரீட்சை அது.

பயிற்சி வகுப்பில் எல்லோரும் காலேஜ் பிள்ளைகள். ஜோடி சேர்ந்து ஒருவரையொருவர் வார்த்தை கேட்டுப் பழகச் சொன்னார் வாத்தியார். கண்மூடித் திறப்பதற்குள் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது இவரும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும்தான். அவள் கணவன் வெளிநாட்டில் இருந்தான். அங்கே படிக்க இடம் கிடைத்தால் குழந்தையோடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வந்தவள்.

காலையில் அவர் பஸ்ஸுக்கு நிற்கிற நேரமும் அவள் கடைதிறக்கிற நேரமும் ஒன்றாக இருந்ததால், அப்போது போனிலேயே பழகினார்கள். ஷட்டர் ஏறுகிற சத்தம் போனில் கேட்கும். உடனே ஆரம்பித்துவிடுவாள். அவள் ஒன்று கேட்க, இவர் ஒன்று கேட்க, பஸ் வந்தால் போனை வைத்துவிடுவார்கள். ஊர்க்கதை, வீட்டுக்கதை எதுவும் கிடையாது.

ஒருநாள் அவள் 'ரெட்டிசென்ட்' என்றாள்.

"மனசுல இருக்கறத சட்டுனு வெளிய சொல்லாத ஆளு" என்றார்.

"அப்ப அது நீங்கதான் சார்" என்று சிரித்தாள்.

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவர் நின்றுகொண்டே போனார். தன்னை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிறு மருந்துக்கடைக்கு விடுமுறை.

பரீட்சையை அவள்தான் முதலில் எழுதினாள். தேறினாள், இடமும் கிடைத்தது. கிளம்புகிற வாரத்தில் ஒரு காலை, வார்த்தை எதுவும் கேட்காமல், "நாளையிலேர்ந்து கடைக்கு வரமாட்டேன் சார். நீங்க விட்டுடாம படிங்க" என்றாள்.

அப்போது அவருக்குள் இருந்ததைச் சொல்ல இங்கிலீஷில் மூன்று வார்த்தை தெரியும். தமிழில் ஒன்று வந்தது.

"சரிம்மா."

அதற்குப் பிறகும் பஸ் ஸ்டாப்பில் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டார். பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்து நின்றார்கள். பரீட்சையில் அவளைவிட அதிகம் எடுத்தார். அதைச் செய்தியாக அனுப்பினார். சில நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பாள்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகப்போவதாகத் தங்கையிடம் போனில் சொன்னார்.

"அங்க உனக்கு யாருண்ணா இருக்கா?"

"இங்க யாரு இருக்கான்னு நீ ஒருநாளும் கேட்டதில்லையே" என்றார். சொன்னபிறகுதான் எவ்வளவு பெரிய பேச்சு பேசிவிட்டோம் என்று தெரிந்தது.

தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. மறுவாரம் பிள்ளைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்து இரண்டு நாள் தங்கினாள். அறையை ஒட்டடை அடித்தாள், சமைத்தாள், தன் மாமியாரைப்பற்றி ஓயாமல் பேசினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அறை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அன்று மாலையே கல்லூரிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். ஏன் வர விரும்புகிறீர்கள் என்று கேட்டிருந்தது. படித்த பெரிய வார்த்தைகளையெல்லாம் போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தார். வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது. எல்லாவற்றையும் அழித்தார். பல வருஷமாக மனிதர்களின் எலும்பைப் படம் பிடிக்கிறேன், இன்னும் தெளிவாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஆசை என்று பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் எழுதி அனுப்பினார்.

இடம் கிடைத்தது. குளிர்காலம் தொடங்குகிற மாதத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். போனார்.